பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள் ஐ.வி.எஃப். செய்யும்போது ஓ.எச்.எஸ்.எஸ். வராமல் தடுக்க முடியுமா?

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பி.சி.ஓ.எஸ். (சினைப்பையில் நிறைய சிறு முட்டைப்பைகள் இருக்கும் ஹார்மோன் கோளாறு), முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் அதிகம், ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய் முறைக்கு விரைவில் ஊசி தொடங்கப்போகிறது. நான் டாக்டர் இல்லை. டர்பனில் இதே சிகிச்சை எடுத்துக்கொண்டவள்.

ஓ.எச்.எஸ்.எஸ். என்பது ஊசியால் சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கி, வயிற்றில் நீர் சேர்வது. பெரும்பாலும் தடுக்கலாம். ஆனால் அதற்கான பேச்சு முதல் ஊசிக்கு முன்பே நடந்தாக வேண்டும்.

தினசரி ஊசி முட்டைப்பைகளை வளர்க்கிறது. அதற்குப் பிறகு, முட்டை எடுக்க ஒன்றரை நாள் இருக்கும்போது முட்டையை முதிர வைக்கப் போடும் ட்ரிகர் ஊசிதான் நீர்க்கசிவைக் கிளப்பிவிடுவது. வழக்கமாக அது எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன்; பல நாள் ரத்தத்தில் தங்கும். அதன் தூண்டுதலில் சினைப்பைகள் வி.ஈ.ஜி.எஃப். என்ற பொருளைச் சுரக்க, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும், ரத்தம் கெட்டியாகும். இதற்குப் பதில் ஜி.என்.ஆர்.எச். அகோனிஸ்ட் என்ற வேறு வகை ட்ரிகர் ஊசி போட்டால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியே எல்.எச். ஹார்மோனை விடும், அது சீக்கிரம் அடங்கிவிடும். ஆனால் ஆன்டகோனிஸ்ட் முறையில் (முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்கும் ஊசியை நடுவில் சேர்க்கும் முறை) சிகிச்சை நடந்தால்தான் இது வேலை செய்யும். பழைய லாங் புரோட்டோகால் என்ற நீண்ட முறையில் அந்தச் சுரப்பியை முன்கூட்டியே அடக்கி வைத்திருப்பார்கள், அதனால் அது எல்.எச். விடாது. நடுவில் மாற்றிக்கொள்ள வழியில்லை.

அப்புறம் இன்னொரு வழி, கருக்கள் எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டுப் பிறகொரு மாதத்தில் கருப்பையில் வைப்பது. கர்ப்பம் தரித்தால் உடம்பே எச்.சி.ஜி. சுரக்கும், தாமதமாக வரும் கடுமையான ஓ.எச்.எஸ்.எஸ்.ஸுக்கு அதுதான் காரணம். இங்கே தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பெரும்பாலும் ஐ.வி.எஃப்.புக்குக் கைகொடுப்பதில்லை, உறைய வைப்பதற்குத் தனி பில் வரும். "இப்பவே வெச்சிடலாமே" என்று மனசு சொல்லும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். என் மாமியாருக்கு லோட் ஷெட்டிங்கில் (முறைவைத்து நடக்கும் மின்வெட்டில்) கரு கெட்டுப்போகுமோ என்ற கவலை! கருக்கள் இருப்பது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். நைட்ரஜன் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், கரண்ட் வேண்டாம்.

குறைந்த டோஸில் தொடங்குவார்கள், சிலருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, ட்ரிகர் நாளிலிருந்து சில நாள் நீர்க்கசிவைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரை. இதெல்லாம் டாக்டர் முடிவு. டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதி ஆன்டிகள் "எத்தனை முட்டை?" என்று கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு எண்ணிக்கை கூடினால் ஆபத்தும் கூடும்.

முட்டை எடுத்த பிறகு தினமும் எடை பாருங்கள். வலிக்குப் பனாடோ (பாராசிட்டமால்) போதும், ஐபுப்ரூஃபென் வகை வேண்டாம். தைப்பூசம் வந்தாலும் காவடியை அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம். வீங்கிய சினைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. வயிறு உப்பி ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கி வலித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிளினிக்கின் இரவு நேர நம்பரை இப்போதே வாங்கி, கணவர் போனிலும் போட்டு வையுங்கள்.