121 தோல்விகளுக்குப் பின்னும் அதே தொப்பி

சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுக்கு இந்த முறை முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறேன். நான் ஒன்பது ஆண்டுகள் சிகாகோவில் வாழ்ந்தவன், இன்றும் அந்த அணியின் ரசிகன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (மதுரை வாசகர்): விளையாட்டில் தோல்வி சகஜம்தானே? 2024இல் அந்த அணி 121 ஆட்டங்களில் தோற்றதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார்கள்?

பதில்: அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. இத்தனை ஆட்டங்கள் இருப்பதால், நல்ல அணியும் அறுபது எழுபது ஆட்டங்களில் தோற்கும். மோசமான அணியும் ஏறத்தாழ அறுபதில் வென்றுவிடும். வைட் சாக்ஸ் வென்றவை 41. நவீன கால பேஸ்பாலில் ஒரே பருவத்தில் இத்தனை தோல்விகளை வேறெந்த அணியும் கண்டதில்லை. முந்தைய சாதனை 1962ஆம் ஆண்டின் நியூயார்க் மெட்ஸ் அணியுடையது; அதற்கு 120 தோல்விகள். ஆனால் அது அந்த ஆண்டில்தான் பிறந்த அணி. மற்ற அணிகள் வேண்டாமென்று விட்ட வீரர்களைத் திரட்டி ஆடியது. வைட் சாக்ஸ் 1901 முதல் ஆடிவரும் அணி. இந்த 121 தோல்விகளுக்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், 2021இல், 93 வெற்றிகளுடன் தன் பிரிவில் முதலிடம் பிடித்திருந்தது.

ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை அந்த அணி தொடர்ந்து 21 ஆட்டங்களில் தோற்றது. ஒரு ரசிகனின் அன்றாடத்தில் அதற்கு என்ன பொருள் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் எழுந்து முந்தைய நாள் முடிவைப் பார்ப்பவன், கிட்டத்தட்ட நான்கு வாரங்கள் ஒரு காலையில்கூட நல்ல செய்தியைப் பார்க்கவில்லை.

கேள்வி (கோவை வாசகர்): களத்தில் தோற்பவர்கள் வீரர்கள். ரசிகர்கள் ஏன் உரிமையாளர் மீது கோபப்படுகிறார்கள்?

பதில்: ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப் 1981 முதல் இந்த அணியின் பொறுப்பில் இருக்கிறார். அவருக்குரிய பெருமையை முதலில் தந்துவிட வேண்டும். சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணி ஆறு முறை பட்டம் வென்றது அவர் காலத்தில்தான். வைட் சாக்ஸ் 88 ஆண்டுகளுக்குப் பிறகு 2005இல் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் பட்டப் போட்டியான உலகத் தொடரை வென்றதும் அவர் காலத்தில்தான்.

ரசிகர்களின் மனக்குறை தோல்வியைப் பற்றியது மட்டும் அன்று. பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டு, பொறுத்ததற்கு ஈடு தராததைப் பற்றியது. 2016 டிசம்பரில் நிர்வாகம் தன் தலைசிறந்த பந்தெறிபவரான கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக இளம் வீரர்களை வாங்கி, அணியைப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்னது. ரசிகர்கள் நம்பினார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் 95, 100, 89 என்று தோல்விகள் குவிந்தபோதும் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள். அந்த இளைஞர்கள் தேறி வந்த வேளையில், 2011க்குப் பிறகு எந்த அணியையும் களத்தில் வழிநடத்தாத 76 வயது டோனி லா ரூசாவை உரிமையாளர் தாமே விரும்பி மேலாளராகக் கொண்டுவந்தார். இதே அணியின் மேலாளராக இருந்த அவரை 1986இல் வேலையிலிருந்து நீக்கியது ரெய்ன்ஸ்டார்ஃபின் நெடுநாள் வருத்தம் என்பது ஊரறிந்த செய்தி. தம் பழைய வருத்தத்தைத் தீர்த்துக்கொள்ள, ஒரு தலைமுறை வீரர்களின் நல்ல காலத்தை அவர் பணயம் வைத்தார் என்றே நான் கருதுகிறேன்.

பணத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரில் ஆடும் இந்த அணி ஒரு வீரருக்குத் தந்த மிகப் பெரிய ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கு 7.5 கோடி டாலர். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி ஷோஹெய் ஓதானிக்குத் தந்ததோ பத்தாண்டுகளுக்கு 70 கோடி. எல்லா அணிகளும் டாட்ஜர்ஸ் ஆக முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023 ஆகஸ்டில் நிர்வாகத் தலைவர்கள் இருவரை நீக்கிய பிறகு, வெளியே விரிவாகத் தேடிப் பார்க்காமல் ஒன்பதே நாள்களில் உள்ளேயே இருந்த ஒருவரை உயர்த்தியதற்குப் பணப் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்ல முடியாது. அடுத்த பருவத்தில்தான் 121 தோல்விகள் வந்தன. அதே 2024இல், பொதுப் பணத்தின் துணையோடு புதிய மைதானம் கட்டவும் அணி முயன்றது. இப்போதைய மைதானமும் பொதுப் பணத்தில் 1991இல் கட்டப்பட்டதுதான்.

மீண்டு எழவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2024 செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட்டில் 4–1 என்ற கணக்கில் தோற்று வைட் சாக்ஸ் அந்தச் சாதனையை அடைந்தது. அதே ஆட்டத்தில் வென்றதால்தான் டெட்ராய்ட் டைகர்ஸ் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. அந்த டைகர்ஸ் 2019இல் 114 ஆட்டங்களில் தோற்ற அணி.

கேள்வி (சேலம் வாசகர்): கடைசி இடத்துக்கு வரும் அணிக்கே அடுத்த ஆண்டு டிராஃப்டில் (புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முதல் வாய்ப்பு என்று படித்தேன். அப்படியென்றால் தோற்பதிலும் ஒரு லாபம் உண்டே?

பதில்: அந்த ஆறுதல்கூடக் கிட்டவில்லை. அணிகள் வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க இப்போது முதல் சில இடங்கள் குலுக்கலில் தீர்மானிக்கப்படுகின்றன. பெருநகர அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் குலுக்கல் இடத்தைப் பெற முடியாது. 2024 டிராஃப்டின் குலுக்கலில் ஐந்தாவது இடம் பெற்றிருந்ததால், 121 தோல்விகளுக்குப் பிறகு 2025 டிராஃப்டில் வைட் சாக்ஸுக்குக் கிடைத்தது பத்தாவது இடம்.

கேள்வி (அமெரிக்காவின் நேப்பர்வில்லிலிருந்து ஒரு வாசகர்): 2005இல் வேலைக்காகச் சிகாகோ வந்தேன். அந்த ஆண்டு வெற்றியைப் பார்த்து ரசிகனானேன். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்கு நினைவு தெரிந்து பார்த்தவற்றில் பெரும்பாலும் தோல்விதான். பள்ளிக்கு அந்தத் தொப்பியை அணிய மாட்டேன் என்கிறான். சிகாகோவின் இன்னொரு அணியான கப்ஸுக்கு மாறிவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இருபது ஆண்டுப் பற்றை விடுவது தவறா, ஐயா?

பதில்: டிக்கெட் வாங்காமல் இருப்பது தவறே இல்லை. உழைத்துச் சம்பாதித்த பணத்தை, அதற்கு மரியாதை தராத நிர்வாகத்திடம் ஏன் கொடுக்க வேண்டும்? ஆனால் உங்கள் பற்று உரிமையாளர் மீது வைத்தது அன்று. 2005 அக்டோபரில், வேலைக்கு வந்த ஊர் உங்கள் ஊராக மாறிய அந்த நாள்களின் மீது வைத்தது. அந்த ஆண்டு உலகத் தொடரின் முதல் ஆட்டத்துக்கு வந்திருந்தவர்களுள் இன்றைய போப்பாண்டவர் பதினான்காம் லியோவும் ஒருவர். அவர் அமர்ந்திருந்த இடத்தைத் தேடிப்போய் மக்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வெற்றிக்காகக் கப்ஸுக்கு மாறுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த அணியே 1908க்குப் பிறகு 2016இல்தான் உலகத் தொடரை வென்றது. மகன் தானாக விரும்பி மாறினால் தடுக்காதீர்கள், நீங்கள் மாற்றாதீர்கள்.

2024 செப்டம்பர் 25 அன்று நான் சென்னையில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆட்டம் பார்த்தேன். அணி 120 தோல்விகளுடன் சொந்த மைதானத்துக்குத் திரும்பியிருந்தது. இன்னொன்றில் தோற்றால் சாதனை. 'அணியை விற்றுவிடு' என்று கூட்டம் முழங்கியது. எட்டாவது இன்னிங்ஸில் 0–2 என்று பின்தங்கியிருந்த அணி மூன்று ஓட்டங்கள் எடுத்து வென்றது. அந்தத் தொடரின் மற்ற இரண்டு ஆட்டங்களிலும் வென்றது. அதனால் பருவத்தின் கணக்கு ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனாலும் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது எனக்குத் தெரியவில்லை.

2025இல் 102 தோல்விகள். முந்தைய ஆண்டைவிட 19 வெற்றிகள் கூடுதல். ஜூலையில் அறிமுகமான கோல்சன் மான்ட்கோமரி பருவம் முடிவதற்குள் 21 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றவை) அடித்தார். மகனை ஒரு பகல் ஆட்டத்துக்கு, விலை குறைந்த மேல்தட்டு இருக்கைக்கு அழைத்துப் போங்கள். ஒரு ஸ்கோர் நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பந்தை அடிக்கத் தவறினால் அது ஒரு ஸ்டிரைக்; மூன்று சேர்ந்தால் ஆட்டமிழப்பு. மட்டையை வீசி மூன்றாவது ஸ்டிரைக்கில் ஆட்டமிழந்தால் நோட்டில் எழுத வேண்டியது ஆங்கில எழுத்தான 'கே'. வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று ஆட்டமிழந்தால் அதே எழுத்தை இடம் வலமாகத் திருப்பி எழுத வேண்டும். ஏன் திருப்பி எழுதுகிறார்கள் என்று அவன் கேட்டால், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை இருப்பான். தொப்பியைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம்.