டாஸ் போட்ட பிறகு வானத்தைப் பார்க்காதீர்கள்

வாசகர் கேள்வி – பி.டி. மாஸ்டர் பதில்

கே: மாஸ்டர், நாங்கள் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்) டீம். ஆடுவதெல்லாம் 12 ஓவர் டென்னிஸ் பால் மேட்ச்தான். டாஸ் ஜெயித்தால் எங்கள் கேப்டன் யோசிக்காமல் பௌலிங் கேட்பார். எத்தனை அடிக்கணும்னு தெரிந்துகொண்டு ஆடுவது சுலபம் என்பது அவர் வாதம். போன ஃபைனலில் 85 அடிக்க வேண்டியிருந்தது. பாதியில் மிஸ்ட் இறங்கி 61க்கு ஆல் அவுட். அவர் சொல்வது சரியா?
– கோத்தகிரி வாசகர்

ப: உங்கள் கேப்டன் டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். அங்கே அது செல்லும். ராத்திரி மேட்ச், ஸ்டேடியம் முழுக்க லைட், இரண்டாவது இன்னிங்ஸில் பனி விழுந்தால் பௌலர் கையில் பந்து நிற்காது. 2023 உலகக் கோப்பை ஃபைனலில் அகமதாபாத்தில் ஆஸ்திரேலிய கேப்டன் கம்மின்ஸ் டாஸ் ஜெயித்து பௌலிங் எடுத்தார். இந்தியா 240க்கு ஆல் அவுட், ராத்திரியில் ஆஸ்திரேலியா 6 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. நம் கிரவுண்டில் லைட் எங்கே இருக்கிறது? இங்கே டாஸ் போடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, மணி என்ன என்பதுதான்.

காலை ஒன்பது மணி மேட்ச் என்றால் உங்கள் கேப்டன் சொல்வதுதான் சரி, பௌலிங் எடுங்கள். அந்த நேரத்தில் புல் நனைந்து கிடக்கும். டென்னிஸ் பந்து நாலு தடவை பவுண்டரி வரை உருண்டாலே அதன் மேலுள்ள ரோமம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். அப்புறம் தரையில் குத்தினால் எழும்பாது, பேட்டில் பட்டாலும் பறக்காது. நாலு போக வேண்டிய அடி பாதி வழியில் நின்று இரண்டாகும். பௌலருக்கும் கை வழுக்கும்தான், ஆனால் நஷ்டம் அதிகம் பேட்ஸ்மேனுக்கு. பத்து பத்தரைக்கு வெயில் வந்து புல் காய்ந்ததும் அதே அடி தேயிலைக்குள் போய் விழும்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற மேட்சில் இது அப்படியே தலைகீழ். கீழே மேட்டுப்பாளையம் பக்கம் வெயில் ஏற ஏற, சூடான காற்று மலைச் சரிவைப் பிடித்து மேலே வரும். வர வரக் குளிர்ந்து மிஸ்ட் ஆகிவிடும். காலையில் பளிச்சென்று தெரிந்த எதிர் மலை மூன்று மணிக்குக் காணாமல் போவது இதனால்தான். 22 கஜத்தில் பௌலரின் கை தெரியாதபோது, எத்தனை அடிக்க வேண்டும் என்று தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஃபைனலில் இன்னொரு விஷயமும் உண்டு. நோட்டீஸில் இரண்டு மணி என்று போட்டிருப்பார்கள். சிறப்பு விருந்தினர் வந்து, சால்வை போட்டு, அவர் ஒரு பந்து ஆடி, அதை எல்லோரும் போனில் படம் பிடித்து முடிக்க மூன்றேகால் ஆகும். இரண்டாவது இன்னிங்ஸ் நாலரைக்குத்தான் தொடங்கும். நோட்டீஸை நம்பாதீர்கள், விருந்தினர் கார் எங்கே வருகிறது என்று கமிட்டிக்காரர்களிடம் கேளுங்கள். ஃபைனல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பேட்டிங். எதிர் டீம் எடுத்த அந்த 84 நீங்கள் எடுத்திருந்தால் கோப்பை இன்றைக்கு உங்கள் ஹட்டியில் இருந்திருக்கும்.

மணிக்கு அடுத்தது ஆள் கணக்கு. டாஸுக்கு நடக்கும் முன் உங்கள் பக்கம் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஏழு பேர் வந்து, மிச்சப் பேர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தால் காலையோ மாலையோ, பேட்டிங்தான். பேட்டிங்குக்கு இரண்டு பேர் போதும். ஏழு பேரை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்கப் பள்ளமாக இருக்கும் கிரவுண்டில் ஃபீல்டிங் நிற்க முடியாது. எதிர் டீமில் ஆள் குறைந்தாலும் பேட்டிங்தான் கேட்கணும். அது தர்மமா என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நேரத்துக்குக் கிளம்பி வந்தவனைத் தண்டிப்பது மட்டும் தர்மமா?

கே: மேகமூட்டமாக இருந்தால் ஈரக்காற்று கனமாக இருக்கும், பந்து ஸ்விங் ஆகும், அதனால் பௌலிங் எடு என்கிறார்கள். லெதர் பால் ஆடும் எங்களுக்கு இது பொருந்துமா?
– குன்னூர் வாசகர்

ப: ஈரக்காற்று கனம் என்பதே தப்பு. நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. அதோடு நீங்கள் இருப்பது சுமார் 1,850 மீட்டர் உயரம். சென்னைக் காற்றோடு ஒப்பிட்டால் உங்கள் ஊர்க் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஊட்டிக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு. அடர்த்தி குறைந்தால் பந்தைத் திருப்புகிற காற்றின் பிடியும் குறையும், அடித்த பந்து இன்னும் தூரம் போகும். கீழே ஸ்விங் பௌலர் என்று பெயர் வாங்கியவர் இங்கே வந்து நேராகப் போட்டு அடி வாங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மேகத்தை நம்பி பௌலிங் எடுக்காதீர்கள். காலடியில் ஈரம் இருந்தால் எடுங்கள்.

கே: எங்கள் கிரவுண்டில் தேங்காய் நார் மேட் விரித்துத்தான் ஆடுகிறோம். டிசம்பர், ஜனவரியில் காலையில் உறைபனி. மேட் பிட்சில் டாஸ் ஜெயித்து என்ன செய்வது? மேட் எப்போதும் ஒரே மாதிரிதானே?
– ஊட்டி வாசகர்

ப: மேட் ஒன்றுதான். அதை அடித்தவர் ஒன்றா? இறுக்கி ஆணி அடித்தால் பந்து வேகமாக, உயரமாக வரும். தொளதொளவென்று கிடந்தால் பந்தைப் பிடித்து நிறுத்தித் திருப்பும். டாஸுக்கு முன்னால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குதிகாலால் அழுத்திக்கொண்டே நடந்து பாருங்கள். அடியில் மண் கெட்டியா, பொதபொதவென்று இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரியும். உறைபனி வெள்ளையாக இருக்கும் வரை தரை கல்லாக இருக்கும். வெயில் பட்டு உருகின அரைமணி நேரம்தான் மோசம். மேல்மண் ஊறி, ஒரு பந்து முகத்துக்கு வரும், அடுத்த பந்து கணுக்காலுக்குப் போகும். அந்த அரைமணியில் எதிர் டீம் பேட் பிடிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட் தொளதொளப்பாக இருந்து, உங்களிடம் நல்ல ஸ்பின்னர் இருந்தால் உடனே பௌலிங் கேட்கத் தோன்றும். இன்னிங்ஸ் இடைவேளையில் யாராவது ஆணியை இறுக்கிவிடுவார்கள் என்கிற கணக்கு அது. நான் அம்பயராக நிற்கிற மேட்சில் அந்தக் கணக்கு பலிக்காது. டாஸுக்கு முன்பே நானே சுத்தியல் எடுத்துவிடுவேன்.

சொல்ல மறந்துவிட்டேன், மேட்டைத் தூக்கியும் பாருங்கள். ராத்திரி காட்டெருமை நடந்த கிரவுண்டாக இருந்தால் பௌலர் குறிவைத்துக் குத்துகிற குட் லெங்த்தில் ஒரு குளம்புத் தடம் இருக்கும். மண் போட்டு மிதித்து மூடிவிட்டு அப்புறம் டாஸ் போடலாம்.

கே: நாங்கள் சமவெளி டீம். மலைக்கு வந்து ஆடினால் ஜெயிக்கவே முடிவதில்லை. டாஸில் என்ன கேட்பது?
– மேட்டுப்பாளையம் வாசகர்

ப: பேட்டிங். கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி, பாதிப் பேர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு வந்து இறங்குகிறீர்கள். இறங்கினதும் சரிவில் மேலும் கீழும் ஓடி ஃபீல்டிங் செய்தால் மூன்றாவது ஓவரிலேயே மூச்சு வாங்கும். இரண்டு பேர் ஆடட்டும், மற்றவர்கள் சூடாக டீ குடித்து உட்காரட்டும். அப்புறம், இங்கே உயரக் கேட்ச் நீங்கள் நினைப்பதைவிட இரண்டடி பின்னால் விழும். ஃபீல்டிங் இறங்கும் முன் நாலு கேட்ச் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கே: 2003 உலகக் கோப்பை ஃபைனலில் கங்குலி டாஸ் ஜெயித்து பௌலிங் எடுத்தது முட்டாள்தனம் என்று இன்னும் எங்கள் டீக்கடையில் சண்டை. உங்கள் தீர்ப்பு?
– கொடைக்கானல் வாசகர்

ப: முட்டாள்தனம் இல்லை. பிட்சில் ஈரம் இருக்கும் என்று எதிர்பார்த்து எடுத்த முடிவு அது. ஜாகீர் கானின் முதல் ஓவரிலேயே 15 ரன் போய்விட்டது. ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 359, நாம் 125 ரன்னில் தோற்றோம். கை நடுங்கினால் டாஸ் என்ன செய்யும்? 1983 ஃபைனலில் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் லாயிட்கூட நம்மைத்தான் முதலில் ஆடச் சொன்னார். 183க்குச் சுருட்டவும் செய்தார். அதுவரை அவர் முடிவு சரிதான். அதற்கப்புறம் 43 ரன்னில் தோற்றதற்கு டாஸை யாரும் திட்டுவதில்லை.

திட்டித்தான் ஆகணும் என்றால் 1996 உலகக் கோப்பை அரையிறுதியைத் திட்டுங்கள். ஈடன் கார்டனில் அசாருதீன் இலங்கையை ஆடச் சொன்னார். ராத்திரியானதும் பிட்ச் உடைந்து, ஒரு விக்கெட்டுக்கு 98 என்று இருந்த நாம் எட்டு விக்கெட்டுக்கு 120 ஆனோம். அப்புறம் கூட்டம் கலாட்டா செய்து மேட்சே நின்றது, இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்கள். மண் பிட்ச் இரண்டாவது இன்னிங்ஸில் எப்படி மாறும் என்று கணிக்காமல் விட்டது அது. மேட்டில் ஆடும் உங்களுக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

கே: டாஸ் ஜெயித்த கேப்டன் பேட்டிங் என்றார். திரும்பி நடக்கும்போது மிஸ்ட் வருவதைப் பார்த்து பௌலிங் என்று மாற்றினார். அம்பயர் விட்டுவிட்டார். சரியா?
– கூடலூர் வாசகர்

ப: தப்பு. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கிளப்பின் விதிப்படி மேட்ச் தொடங்க 30 நிமிடத்துக்கு முன்னாலும் போடக் கூடாது, 15 நிமிடத்துக்குள்ளும் போடக் கூடாது, அந்த இடைவெளியில்தான் டாஸ். ஜெயித்தவர் உடனே முடிவெடுத்து எதிர் கேப்டனிடமும் அம்பயர்களிடமும் சொல்லணும். சொன்ன பிறகு மாற்ற முடியாது. வானத்தையும் கிரவுண்டையும் பார்க்கிற வேலையெல்லாம் காசு மேலே போகிறதற்கு முன்.

அவர் மாற்றினதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். மிஸ்ட் இறங்கி ஆட்டம் நின்றால் உங்கள் பக்கம் ரன் சராசரி (ஓவருக்கு எத்தனை ரன் என்ற கணக்கு) பார்ப்பார்களா, திரும்ப ஆடச் சொல்வார்களா? இது முடிவாகாத வரை டாஸில் எதைக் கேட்பது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது டீம் குறைந்தது ஐந்து ஓவராவது ஆடியிருந்தால்தான் சராசரி, இல்லாவிட்டால் மறுநாள் புது மேட்ச் என்கிற மாதிரி ஒன்றை முதலிலேயே பேசி, ஸ்கோர் நோட்டில் எழுதி, இரண்டு கேப்டனிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆனால் உங்கள் கூடலூரிலும் தேவாலாவிலும் ஜூன் பிறந்துவிட்டால் மழையில் மேட்சே நடக்காது, இந்த ஏற்பாடெல்லாம் தேவைப்படாது. கமிட்டியிடம் சொல்லி அடுத்த வருஷம் டோர்னமெண்டை மார்ச்சுக்குள் முடிக்கச் சொல்லுங்கள்.