எலும்பு முறிவுக்காகக் கணுக்காலில் வைத்த உலோக பிளேட்டை எடுத்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆன்டிபயாடிக் எழுதவில்லை. சீழ் பிடிக்காதா?

எனக்கும் இதே கதைதான். காலையில் பிளேட்டையும் ஆறு ஸ்க்ரூவையும் எடுத்தார்கள், சாயங்காலம் வீட்டில் இருந்தேன். சீட்டில் வலி மாத்திரையும் வயிற்றுக்கு ஒன்றும் மட்டும். "அஞ்சு நாள் கோர்ஸ் இல்லாம ஆபரேஷனா?" என்று அம்மாவுக்கு ஒரே கவலை.

கட்டு மாற்றப் போனபோது டாக்டரிடமே கேட்டேன். "அதை அப்பவே போட்டாச்சே" என்றார். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. தொடையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தப் பட்டை இறுக்குவார்கள் இல்லையா, அதற்கு முன்பே மருந்து பாதம் வரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கிருமி பெரும்பாலும் உள்ளே போவது தோல் திறந்திருக்கும் நேரத்தில்தான். தையல் போட்டபின் தடுப்புக்காக மருந்தைத் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சொல்லிவிட்டது. (ஏற்கெனவே சீழ் இருக்கும் சர்க்கரைப் புண் வேறு கணக்கு. அங்கே மருந்து தடுப்புக்கு அல்ல, சிகிச்சைக்கு.)

பிளேட் எடுக்கும்போது அந்த ஒரு ஊசிகூட எவ்வளவு உதவுகிறது என்பதே சந்தேகம்தான். நெதர்லாந்தில் முழங்காலுக்குக் கீழே பிளேட், ஸ்க்ரூ எடுக்க வந்த சுமார் 500 பேரில் பாதிப் பேருக்கு இதே மருந்தையும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரையும் போட்டுப் பார்த்தார்கள். 2017இல் வந்த முடிவு: மருந்து போட்டவர்களில் 13.2%, போடாதவர்களில் 14.9% பேருக்குத் தொற்று. பெரிய வித்தியாசமில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு: 'சின்ன ஆபரேஷன்' என்று நாம் சொல்வதில் ஏழு பேரில் ஒருவருக்குத் தொற்று!

அதனால் பயம் நியாயமானதுதான், மாத்திரை அதற்குப் பதில் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையை நீட்டினால் வாங்காதீர்கள். காலைத் தொங்கப்போடாமல் இரண்டு தலையணை மேல் வையுங்கள், கட்டு நனையவே கூடாது. சிகரெட்டை விடுங்கள், சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். வலி குறைந்து வந்து திரும்ப ஏறினால், சிவப்பு பரவினால், கசிந்தால், காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாமல் ஆபரேஷன் செய்தவரிடமே போங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம், தினமும் கண்ணால் பார்க்க வேண்டும்.

எனக்குப் பத்தாம் நாள் ஓரத்தில் சிவந்தது. போட்டோ அனுப்பினேன், வரச் சொன்னார். உறுத்திக்கொண்டிருந்த ஒரு தையலைப் பிரித்தார், இரண்டு நாளில் அடங்கிவிட்டது.