காக்கியைக் கழற்றிய பிறகு ஆய்வு: எங்கே தொடங்குவது?

கேள்வி: காவல் துறையில் 24 ஆண்டுகள் பணியாற்றி, இன்ஸ்பெக்டராக இருந்தபோது விருப்ப ஓய்வு பெற்றேன். வசிப்பது தேவகோட்டையில். புகார் கொடுக்க வரும் பெண்களைக் காவல் நிலையம் எப்படி நடத்துகிறது என்பதை முறையாக ஆராய விரும்புகிறேன். 49 வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர முடியுமா? என் பழைய வழக்குகளைப் பயன்படுத்தலாமா?

பதில்: வயது தடையே இல்லை. முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் மகளிரியல் துறை இருக்கிறது. முதலில் அங்கே ஆய்வை வழிநடத்தும் ஒரு நெறியாளரைப் போய்ப் பாருங்கள்.

பழைய வழக்குகளைத் தொடாதீர்கள். அந்தப் பெண்கள் இன்ஸ்பெக்டரிடம் பேசினார்கள், ஆராய்ச்சியாளரிடம் அல்ல. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமும்கூட.

உங்கள் கையிருப்பு வேறு. மனு வந்ததும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இரு வீட்டாரையும் வரவழைத்துப் பேசி, கடைசியில் ‘சீர் சாமான்களைப் பெற்றுக்கொண்டேன், மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி வாங்கி, நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் ரைட்டர் மனுவை முடித்துவைப்பாரே, அந்தக் காகிதம்தான் உங்கள் ஆய்வுக்களம். எஃப்.ஐ.ஆர். ஆகாத மனு குற்றப் புள்ளிவிவரத்தில் ஏறுவதே இல்லை. எந்த மனு வழக்காகிறது, எது ‘சமாதானம்’ ஆகிறது, அதை முடிவு செய்வது யார் என்று கேளுங்கள். பதிவேடுகளைப் பார்க்க எஸ்.பி.யிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். பழகிய நிலையம்தானே என்று உள்ளே போய்ப் புரட்ட வேண்டாம்.

விடையை முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. அதுவே தீர்வு என்று நம்மில் பலர் நம்பினோம். ஆனால் ஹரியாணாவில் நிர்விகார் ஜஸ்ஸல் செய்த ஆய்வில், மற்ற நிலையங்கள் பெண்களை மகளிர் நிலையத்துக்குத் திருப்பி அனுப்பியதால் அவர்களின் அலைச்சல் கூடியது தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்திலோ, 180 காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டு நடந்த ஆய்வில், சாதாரண நிலையத்துக்குள்ளேயே மகளிர் உதவி மேசை வைத்தபோது வழக்குப் பதிவு கூடியது. மேசையில் பெண் காவலர் இருந்த இடங்களில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நம் மாவட்டத்தில் நிலைமை எப்படி என்று நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேட்டிக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘இன்ஸ்பெக்டரம்மா’ என்று உங்களைக் கண்டதும் எழுந்து நிற்கும் பெண் உண்மையைச் சொல்ல மாட்டார். உங்களை அறியாத ஊர்களாகத் தேர்ந்தெடுங்கள். வீட்டு முகப்பில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே குறிப்பேட்டைத் திறக்காதீர்கள். வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, தாண்டி அடுப்படிப் பக்கம் அந்தப் பெண்ணே கூப்பிடும்வரை பொறுத்திருங்கள்.