ஸ்மித்ஸ் குழுவின் வரலாறு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மான்செஸ்டரில் மேற்படிப்புக்குப் போயிருந்தபோதுதான் அந்த ஊரின் ராக் இசைக்குழுவான ஸ்மித்ஸின் பாடல்கள் எனக்கு அறிமுகமாயின. அந்த ஊரின் மழையையும் தனிமையையும் தாங்கிக்கொள்ள அவை துணையாக இருந்தன. இத்தனை ஆண்டுகளில் ஒரு மாதம்கூட அவற்றைக் கேட்காமல் இருந்ததில்லை. அண்மையில் ஜானி ரோகன் எழுதிய 'மோரிசி அண்ட் மார்: த செவர்ட் அலையன்ஸ்' வாசித்தேன். குழுவின் அனுமதி இல்லாமல் எழுதப்பட்ட வரலாறு. முடித்தபோது கசப்புதான் மிஞ்சியது. யாருக்கு எவ்வளவு பணம், யார் யாரோடு பேசவில்லை, யார் குடும்பத்தில் என்ன நடந்தது... அடுத்தவர் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்த்தது போல ஒரு கூச்சம்.

நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர், குழுவின் பாடகர் மோரிசியே வெறுத்த புத்தகத்தை அவருடைய ரசிகன் தொடலாமா என்று கோபித்துக்கொண்டார். இன்னொருவர், லெட் ஸெப்லின் என்ற ராக் குழுவைப் பற்றிய 'ஹாமர் ஆஃப் த காட்ஸ்' மாதிரி பரபரப்பாக இருக்கும் என்று நம்பி வாங்கியவர், இதில் ஒன்றுமே இல்லை, வெறும் ஒப்பந்தமும் கணக்கும்தான் என்று பாதியில் மூடிவிட்டார்.

கலைஞன் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவன் வாழ்க்கையை எழுத ஒருவருக்கு என்ன உரிமை? இதையெல்லாம் தெரிந்துகொண்ட பின் அந்தப் பாடல்களைப் பழையபடி கேட்க முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாதியில் மூடிய நண்பரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் சலித்துக்கொண்ட அந்த ஒப்பந்தமும் கணக்கும்தான் அந்தப் புத்தகத்தின் உயிர்.

ஸ்மித்ஸ் நான்கு பேர் கொண்ட குழு. 1982இல் தொடங்கி 1987இல் முடிந்துபோனது. அதற்குள் நான்கு ஸ்டூடியோ ஆல்பங்கள். மோரிசி பாடினார், வரிகளை எழுதினார். ஜானி மார் கிட்டார் வாசித்தார், இசையமைத்தார். ஆண்டி ரூர்க் பேஸ் கிட்டார், மைக் ஜாய்ஸ் டிரம்ஸ். ரஃப் ட்ரேட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் முதல் இருவர் மட்டும். பாடலை எழுதியதற்கான ராயல்டி அந்த இருவருக்குத்தான் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஒலிப்பதிவிலும் மேடையிலும் வந்த வருமானம்தான் பிரச்சினை. அதில் மோரிசிக்கும் மாருக்கும் ஆளுக்கு 40 சதவீதம், ரூர்க்குக்கும் ஜாய்ஸுக்கும் ஆளுக்கு 10 சதவீதம் என்று போய்க்கொண்டிருந்தது.

பின்னால் இருந்த இருவரும் வழக்குப் போட்டார்கள். ரூர்க் கடனில் இருந்தார், சீக்கிரமே 83,000 பவுண்டுக்கும் அதே 10 சதவீதத்துக்கும் சம்மதித்து விலகிக்கொண்டார். ஜாய்ஸ் விடவில்லை. 1996 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. 1890ஆம் ஆண்டின் பங்குதாரர் சட்டம் எளிமையானது: வேறு உடன்பாடு இருந்ததாகக் காட்ட முடியாவிட்டால் எல்லாருக்கும் சம பங்கு. நீதிபதி வீக்ஸ் ஜாய்ஸுக்கு 25 சதவீதம் என்று தீர்ப்பளித்தார். பழைய பாக்கி மட்டும் சுமார் பத்து லட்சம் பவுண்டு. சாட்சிக்கூண்டில் நின்ற மோரிசியைப் பற்றி, தன் நலன் என்று வரும்போது நம்பத்தகாதவர் என்று கடுமையாகவே சொன்னார். மோரிசி மேல்முறையீடு செய்து 1998இல் அதிலும் தோற்றார்.

ரோகனின் புத்தகம் வந்தது 1992இல். தீர்ப்புக்கு நான்கு ஆண்டுகள் முன்பு. குழுவுக்குள் நட்பும் பணமும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்று அவர் துருவிக்கொண்டிருந்தபோது, பாட்டைப் பற்றி எழுதாமல் பையைத் துழாவுகிறார் என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. மோரிசியோ, ரோகன் எம்3 நெடுஞ்சாலையில் வாகனங்கள் மோதி விரைவில் சாகட்டும் என்று பத்திரிகையிலேயே சொன்னார். இந்தக் கோபத்தைத்தான் உங்கள் முதல் நண்பர் தன் கோபமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ரசிகர்கள் இதைச் செய்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாடகருக்குப் பிடிக்காதது நமக்கும் பிடிக்கக்கூடாது என்று நினைத்துவிடுகிறோம். குழு என்பது பாடகர் மட்டும்தானா? ஜாய்ஸும் ரூர்க்கும் இல்லாத ஸ்மித்ஸ் ஏது?

உரிமை பற்றிக் கேட்டீர்கள். ஒரு குழுவின் வரலாற்றுக்கு அனுமதி தருபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அதிகாரம் உள்ளவர், பெயர் உள்ளவர், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக் காசு உள்ளவர். அனுமதி பெற்று எழுதியிருந்தால் அது அவர்களின் ஸ்மித்ஸ். மோரிசி 2013இல் தன் சுயசரிதையை வெளியிட்டார். அதில் இந்த வழக்கு மட்டும் பல பத்துப் பக்கங்களுக்கு ஓடுகிறது; நீதிபதியும் ஜாய்ஸும் அதில் படும் பாட்டைப் படித்தால் தெரியும். அற்புதமான உரைநடை அது, குறிப்பாக அறுபதுகளின் மான்செஸ்டரைப் பற்றிய தொடக்கப் பக்கங்கள். ஆனால் ஜாய்ஸின் தரப்பை அங்கே எதிர்பார்க்க முடியாது. மாரும் 2016இல் தன் கதையை எழுதினார், இதமான புத்தகம். வெளியாள் ஒருவர் அனுமதி கேட்காமல் உட்கார்ந்து எழுதியதால்தான் நான்கு பேரும் ஒரே புத்தகத்துக்குள் நிற்கிறார்கள்.

இதைச் சொல்வதால் அனுமதி பெறாத எல்லாப் புத்தகங்களுக்கும் நான் பரிந்து பேசவில்லை. 'ஹாமர் ஆஃப் த காட்ஸ்' 1985இல் வந்து அமெரிக்காவில் அமோகமாக விற்றது. அதை எழுதிய ஸ்டீஃபன் டேவிஸ் பெரிதும் நம்பியது ரிச்சர்ட் கோலை. லெட் ஸெப்லினின் சுற்றுப்பயண மேலாளராக இருந்து பிறகு விலக்கப்பட்டவர். ஹோட்டல் அறைகள், போதை, பெண்கள் என்று புத்தகம் அங்கேயே சுற்றிச்சுற்றி வருகிறது. நடுவில் பிரித்துக் கொஞ்சம் படித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டதாக அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் சொன்னார். பேஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் அதைப் பரிதாபமான சின்னப் புத்தகம் என்றார். பாதிக்கப்பட்டவர்கள் அப்படிச் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம், அதை வைத்து நான் முடிவு செய்ய மாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. 1977 ஜூலையில் பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் ஐந்து வயது மகன் கராக் இறந்தான். அப்பா அமெரிக்காவில் கச்சேரிச் சுற்றில் இருந்தார். 1980 செப்டம்பரில் டிரம்மர் ஜான் பானம் 32 வயதில் குடித்துக் குடித்தே செத்தார். இவை நடந்த ஒரு குழுவின் கதையை, சாகசக் கதையின் குரலில் சொல்ல எப்படி மனம் வருகிறது? அந்த ஹோட்டல் அறைகளுக்கு வந்தவர்களில் பள்ளி வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள். எண்பதுகளில் ரசிகர்கள் அதைக் கண்சிமிட்டிக்கொண்டு வாசித்தார்கள். இன்று வாசிக்கும் பெண்களுக்கு வயிற்றைப் புரட்டுகிறது, எனக்கும்தான். அந்தச் சிறுமிகளிடம் யாராவது அப்போது உட்கார்ந்து கேட்டார்களா?

அதனால் ஒரு வாழ்க்கை வரலாற்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது, எழுதியவர் யாரிடமெல்லாம் போய்க் கேட்டார் என்பதை. கோபத்தோடு வெளியேறிய ஒருவரின் வாயிலிருந்து வந்ததா, பல பேரிடம் கேட்டு ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்ததா? ரோகன் இரண்டாவது வகை. பழைய பள்ளித் தோழர்களைத் தேடிப்போனார். குடும்பங்களின் அயர்லாந்து வேர்களைத் தோண்டினார். நால்வருக்குமே அயர்லாந்து வேர் உண்டு என்ற உண்மைக்கு அவர் கொடுத்த கனத்தை அதற்கு முன் பத்திரிகைகள் கொடுக்கவில்லை. சில இடங்களில் அளவு தெரியாமல் நீட்டுகிறார், அதை ஒத்துக்கொள்கிறேன். குடும்ப விவகாரத்தில் உங்களுக்கு வந்த கூச்சத்தையும் நான் மறுக்கவில்லை. பாடலுக்கோ குழுவுக்கோ தொடர்பில்லாத தகவலை விட்டிருக்கலாம். ஆனால் ஸ்ட்ரெட்ஃபோர்டில் மோரிசி படித்த பள்ளியில் பிள்ளைகளை எப்படி அடித்தார்கள் என்று தெரிந்த பிறகு 'த ஹெட்மாஸ்டர் ரிச்சுவல்' பாடலைக் கேட்டுப் பாருங்கள். மார் வாசிக்கும் கிட்டார் அவ்வளவு பிரகாசமாக இருக்கும்போது அந்த வரிகள் ஏன் அப்படி வலிக்கின்றன என்று புரியும்.

பழையபடி கேட்க முடியுமா என்றால், முடியாது. எனக்கு முடியவில்லை. அதில் நஷ்டம் எதுவும் தெரியவில்லை. முன்பெல்லாம் 'பார்பரிஸம் பிகின்ஸ் அட் ஹோம்' ஓடும்போது மோரிசியின் குரலைத்தான் பிடித்துக்கொண்டு போவேன். இப்போது காது நேராக ரூர்க்கின் பேஸுக்குப் போகிறது. அந்தப் பாட்டே அதன் மேல்தான் நிற்கிறது. 'த குயின் இஸ் டெட்' தொடக்கத்தில் இடிக்கும் டிரம்ஸ் ஜாய்ஸுடையது. 10 சதவீதக்காரர்கள் என்று வைத்திருந்த இருவரின் வேலை இது. ரூர்க் 2023 மே மாதம் புற்றுநோயில் இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ரோகனும் போய்விட்டார்.

ரோகன் 2012இல் திருத்தி வெளியிட்ட பதிப்பு கிடைத்தால் அதை வாங்குங்கள். புத்தகத்தைத் தொடமாட்டேன் என்ற நண்பருக்கு முதலில் வழக்கு பற்றிய பகுதியை மட்டும் கொடுங்கள். அதற்குப் பிறகு அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்