யூரியா வைத்த மாமனாரும் அடீனியம் கடித்த ஆடும்: அடிபட்ட செடிகள் கேள்வி-பதில்

ஆனி பிறந்தாலே எனக்கு வருகிற கேள்விகள் மாறிவிடும். சித்திரையில் "வீட்டுக்குள் வைக்க என்ன செடி வாங்கலாம்?" என்று கேட்டவர்களே, இப்போது "வாங்கின செடி இப்படி ஆயிடுச்சுங்களே" என்கிறார்கள். லீவுக்கு ஊருக்குப் போய் வந்தது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொட்டியை உருட்டியது, வீட்டுப் பெரியவர்கள் பாசத்தோடு ஏதாவது ஊற்றியது என்று எல்லாமே விபத்துக் கேஸ். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அடிபட்ட செடிக்கு என்ன உரம் போடலாம் என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எந்த உரமும் வேண்டாம். புதுத் துளிர் வந்து அது விரிகிற வரைக்கும் வேண்டாம்.

பெருந்துறையிலிருந்து ஒருவர்: மஞ்சக் காட்டுக்கு வாங்கின யூரியா மிச்சம் இருந்ததுன்னு எங்க மாமனார் வீட்டுக்குள்ள இருக்கிற அரிக்கா பனைத் தொட்டிகளுக்கு ஆளுக்கு ஒரு கை போட்டுத் தண்ணி ஊத்திட்டாருங்க. நாலாம் நாளே நுனியெல்லாம் கருகுது. காப்பாத்த முடியுங்களா?

முடியும், ஆனால் இன்றைக்கே இறங்க வேண்டும். மாமனாரைக் கோபிக்காதீர்கள். காட்டுக்கு வைத்துப் பழகின கை அது. காட்டில் போட்ட உரம் பரவிக்கொள்ள இடம் இருக்கிறது, தொட்டியில் இல்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு கைப்பிடி என்றால், வீட்டுக்குள் இருக்கிற ஒரு தொட்டிச் செடி வருஷம் முழுக்க எடுத்துக்கொள்வதை விடவும் அதிகம். மண்ணில் உப்பின் அடர்த்தி ஏறிவிட்டால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாது. வேரில் இருக்கிற தண்ணீரைத்தான் மண் இழுக்கும். அதனால்தான் மண் ஈரமாக இருந்தும் செடி காய்கிறது. போதாததற்கு யூரியா மண்ணில் அம்மோனியாவாக மாறி, இளம் வேர்களைச் சுட்டுவிடும்.

மூக்கை மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சுள்ளென்று அம்மோனியா வாடை அடித்தால் தாமதிக்காமல் செடியை உருவி, மண்ணை உதறி, வேரை நல்ல தண்ணீரில் அலசிப் புது மண்ணில் நட்டுவிடுங்கள். வாடை இல்லை என்றால் மேல் மண்ணை இரண்டு விரல் ஆழம் வழித்து எடுத்துவிட்டு, தொட்டியை வாசலுக்குத் தூக்கிப் போய் அலசுங்கள். 10 லிட்டர் மண் இருக்கிற தொட்டிக்கு ஒரு 40 லிட்டர் தண்ணீர். ஒரே மூச்சில் ஊற்றாமல், ஊற்றி, அடித்துளையில் முழுக்க வடிந்த பிறகு மறுபடி ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கினதைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரைந்த உப்பை மண் திரும்பக் குடித்துக்கொள்ளும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இதற்கு மட்டுமாவது குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் வெளிச்சமான நிழலில் வையுங்கள். மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்தால்தான் தண்ணீர். கருகின நுனி மறுபடி பச்சையாகாது. அதற்காக மட்டையோடு வெட்டித் தள்ளாதீர்கள், பாதி பச்சை இருந்தாலும் அந்த ஓலைதான் இப்போது செடிக்குச் சோறு போடுகிறது. பார்க்க வேண்டியது குருத்தை. மெதுவாக இழுத்துப் பாருங்கள், அழுகல் வாடையோடு கையோடு வந்தால் அந்தத் தண்டு முடிந்தது. தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அரிக்கா பனை தூராக வளர்வது. ஒரு தண்டு போனாலும் பக்கத்துத் தண்டுகளில் குருத்து உறுதியாக இருந்தால் செடி நிற்கும்.

நாமக்கல் பக்கம் பண்ணையிலிருந்து மக்காத கோழி எருவைக் கொண்டுவந்து தொட்டிக்குப் போடுகிறவர்களுக்கும் இதே வைத்தியம்தான். அதுவும் அப்படியேதான் சுடும்.

கோவையிலிருந்து ஒருவர்: பத்து நாள் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்திருந்தேன். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஸ்நேக் பிளாண்ட் அடியில் கொழகொழவென்று இருக்கிறது. ஜீஜீ செடி மஞ்சளாகிவிட்டது. வெயிலில் வைத்துக் காய வைக்கலாமா?

வெயிலில் வைக்காதீர்கள். வேர் அழுகின செடியால் தண்ணீர் எடுக்க முடியாது, வெயில் இலையில் இருப்பதையும் எடுத்துக்கொள்ளும். இரண்டுமே வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் இருக்கக்கூடிய செடிகள். அக்கா சாவியைத் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டையும் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுங்கள். நல்ல வேர் கைக்குக் கெட்டியாக இருக்கும். அழுகின வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், வாடையும் காட்டிக் கொடுக்கும். அழுகினது எல்லாவற்றையும் சுத்தமான கத்தியால் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிழலில், காற்றாடும் இடத்தில் இரண்டு மூன்று நாள் காகிதத்தின் மேல் கிடக்கட்டும். வெட்டுவாய் காய வேண்டும். ஈரோட்டுக்காரர்கள் மஞ்சள் தூள் தடவலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். தடவுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் காய வைப்பதுதான் மருந்து.

ஸ்நேக் பிளாண்டில் கிழங்கு முழுக்கப் போயிருந்தாலும் மேல் இலை கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. அழுகலுக்கு மேலே வெட்டி, காயவிட்டு, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி மணலில் இரண்டு அங்குலம் செருகுங்கள். தலைகீழாகச் செருகினால் வேர் வராது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மஞ்சள் கரை போட்ட ரகமாக இருந்தால், இலையிலிருந்து வரும் குட்டி வெறும் பச்சையாகத்தான் வரும். அந்தக் கரை வேண்டுமென்றால் கிழங்கோடு ஒரு துண்டையாவது காப்பாற்ற வேண்டும்.

ஜீஜீக்கு அடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்குகள் இருக்கும். அழுத்திப் பாருங்கள். கெட்டியான கிழங்கு ஒன்று இருந்தாலும் போதும், மேலே இருக்கிற மஞ்சள் தண்டெல்லாம் போனாலும் அதிலிருந்து திரும்ப வரும். மாதக்கணக்கில் ஆகும், தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள். இரண்டையும் பாதி ஆற்று மணல் கலந்த மண்ணில், வேருக்குத் தக்க சின்னத் தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் காலியாகக் கிடக்கிற மண் ஈரத்தைப் பிடித்துவைத்து மறுபடி அழுக வைக்கும்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: சமையலறை ஜன்னலோரத்து மணி பிளாண்ட்டுக்குச் சத்து என்று சொல்லி, வடித்த கஞ்சியை ஆறுவதற்கு முன்பே ஊற்றிவிட்டார்கள். அடித்தண்டு வெந்துபோன மாதிரி இருக்கிறது.

வெந்துதான் போயிருக்கிறது. ஊற்றின உடனே பச்சைத் தண்ணீரை மேலே மேலே விட்டிருந்தால் வேர் கொஞ்சம் தப்பித்திருக்கும், இப்போது அதற்கு நேரம் கடந்துவிட்டது. அடியை விட்டுவிடுங்கள், கொடியைப் பாருங்கள். இலைக்காம்பு சேருகிற கணுவில் பழுப்பாகச் சின்ன முண்டு ஒன்று தெரியும். வேர் அங்கிருந்துதான் வரும். நல்ல தண்டில் இரண்டு இரண்டு கணுவாக வெட்டி, கீழ்க்கணு மூழ்குகிற அளவு தண்ணீரில் போடுங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். கணு இல்லாமல் வெறும் இலையைப் போட்டால் நாள்கணக்கில் பச்சையாக நிற்கும், கொடி வராது. வேர் விரல் நீளம் ஆனதும் மண்ணுக்கு மாற்றலாம். பழைய மண்ணைத் திரும்ப உபயோகிக்காதீர்கள், கஞ்சி புளித்துச் சின்னச் சின்ன ஈ மொய்க்கும். கஞ்சியை ஆறவைத்து, நிறையத் தண்ணீர் கலந்து பொடக்காலியில் இருக்கிற கறிவேப்பிலைக்கு ஊற்றச் சொல்லுங்கள்.

உடுமலையிலிருந்து ஒருவர்: காற்றில் பால்கனியிலிருந்த ரப்பர் செடி விழுந்து தண்டு பாதி முறிந்து தொங்குகிறது.

முறிந்து சில மணி நேரத்துக்குள், தோல் ஒட்டிக்கொண்டு இருக்கும்போதே நிமிர்த்தி, குச்சி வைத்து, துணி நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தால் சேர வாய்ப்புண்டு. ஒரு நாள் தாண்டி, மேலே இலை தொங்கிவிட்டது என்றால் ஆசையை விடுங்கள். முறிவுக்குக் கீழே, ஒரு கணுவுக்குச் சற்று மேலே சுத்தமாக வெட்டுங்கள். வடிகிற பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரிகிறதா? தெரிந்தால் கீழ்க்கணுக்களிலிருந்து இரண்டு மூன்று கிளை வரும், முன்னை விட அடர்த்தியாகவே. ஆவணி வரைக்கும் அந்தப் பால்கனியில் உயரமான செடியைத் தரையோடு, சுவரை ஒட்டி வையுங்கள். இந்தக் காற்று மண்ணையும் சீக்கிரம் காய வைக்கும், கிழமை பார்த்துத் தண்ணீர் விடாமல் மண்ணைத் தொட்டுப் பார்த்து விடுங்கள்.

கிணத்துக்கடவிலிருந்து ஒருவர்: சொந்தக்காரர் நார் மில்லிலிருந்து தேங்காய் நார்க்கழிவு ஒரு மூட்டை கொடுத்தார். கடையில் விற்கிற கோகோபீட்டும் அதுதானே என்று எல்லாச் செடியையும் அதில் மாற்றி நட்டேன். எல்லாமே வெளிறி நின்றுவிட்டன.

இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவைதான், ஆனால் ஒன்று அல்ல. மில்லிலிருந்து நேராக வருகிற கழிவில் உப்பு இருக்கும், செடிக்கு ஆகாத டானின் இருக்கும். கடையில் 5 கிலோ கட்டியாக வருவதை அலசி, உப்பைக் குறைத்துத்தான் விற்பார்கள், அதிலும் அலசாத மலிவு ரகம் உண்டு. இன்னொரு சிக்கல், பச்சைக் கழிவில் கரிச்சத்து ஏராளம், தழைச்சத்து சொற்பம். அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வெளிறுகிறது.

செடிகளை எடுத்து, வேரில் ஒட்டினதை அலசிவிட்டு, செம்மண்ணும் மணலும் மக்கின தொழு உரமும் கலந்த சாதாரண மண்ணுக்கே திருப்பி வையுங்கள். இங்கே மட்டும் நான் சொன்ன விதிக்கு ஒரு விலக்கு, மக்கின தொழு உரம் ஐந்தில் ஒரு பங்கு இருக்கலாம். மூட்டையை வீசாதீர்கள். நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகம் இந்தக் கழிவைச் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைக்கிற முறையை வெகு நாளாகச் சொல்லித் தருகிறது. ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா கணக்கு. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் கறுத்து நல்ல உரமாகிவிடும். ஒரு மூட்டைக்கு அவ்வளவு மெனக்கெட முடியாது என்றால், மூன்று நாலு தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பழுப்புச் சாயம் இறங்குவது நின்ற பிறகு, தென்னைக்கோ மாமரத்துக்கோ மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.

பல்லடத்திலிருந்து ஒருவர்: ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது, இலை நுனி காய்கிறது.

உங்கள் போர் தண்ணீரில் இருக்கிற உப்பை மெஷின் பிரித்து, அந்த வேஸ்ட் குழாயில்தான் அனுப்புகிறது. விளிம்பில் படிவது அதுதான். அந்தத் தண்ணீரை வாசல் கழுவ, பாத்ரூமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிகளை யூரியா கேஸுக்குச் சொன்ன மாதிரி ஒரு முறை அலசிவிடுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: வெள்ளையடிக்கும்போது குரோட்டன்ஸ் முழுக்கச் சுண்ணாம்பு தெறித்துவிட்டது.

காய்ந்திருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டி எடுங்கள், அப்புறம்தான் தண்ணீர். மண்ணில் விழுந்ததையும் வழித்து எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு ஏறின மண்ணில் செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காது, புது இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வரும். சுண்ணாம்பு இல்லாமல் எமல்ஷன் தெறித்திருந்தால் காய்ந்த பிறகு நகத்தால் உரிந்து வரும். தின்னர் வைத்துத் துடைக்காதீர்கள்.

கோபியிலிருந்து ஒருவர்: ஹாலில் இருந்த பீஸ் லில்லி வாடினதால் வெயில் படட்டும் என்று மொட்டை மாடியில் வைத்தேன். இலை வெளுத்து, அங்கங்கே காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

அது தண்ணீர் கேட்டு வாடியிருக்கும். பீஸ் லில்லி தாகம் எடுத்தால் மொத்தமாகச் சாய்ந்து படுத்துவிடும், தண்ணீர் விட்டால் சில மணி நேரத்தில் எழுந்துகொள்ளும். கீழே கொண்டுவந்து வையுங்கள். முழுக்க வெளுத்த இலையை மட்டும் அடியோடு வெட்டுங்கள். நடுவிலிருந்து புது இலை வரும்.

காங்கேயத்திலிருந்து ஒருவர்: வாசலில் வைத்திருந்த அடீனியத்தை ஆடு நுனி நுனியாகக் கடித்துவிட்டது. செடி பிழைக்குமா?

செடி பிழைக்கும், ஆட்டைப் பாருங்கள். அடீனியம் அரளிக் குடும்பம். அதன் பால் இதயத்தைத் தாக்கும் விஷம், ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். இந்தக் கேள்வி வந்த அன்றே போனில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும்: எவ்வளவு தின்றது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிட வேண்டும். கடித்த மிச்சத்தைக் கையில் வைத்திருந்தால் அவருக்கு உதவும்.

செடிக்குப் பெரிய வேலை இல்லை. கிழிந்த நுனிகளைச் சாய்வாக வெட்டிவிட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். அடிக்கிழங்கை அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் வெட்டின இடத்துக்குக் கீழே துளிர் வெடிக்கும். கோடை மழையில் நனைந்து கிழங்கு மெத்தென்று ஆகியிருந்தால், அது ஆடு செய்த வேலை இல்லை. மெத்தென்ற இடத்தை வெள்ளைச் சதை தெரிகிற வரைக்கும் சுரண்டி எடுத்து, ஒரு வாரம் நிழலில் காயப் போடுங்கள். வெட்டின கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொட்டியை ஆடு எட்டாத திண்ணைச் சுவர் மேல் ஏற்றிவிடுங்கள், அதுக்கு அங்கே வெயிலும் நன்றாகக் கிடைக்கும்.