குறியாக்கிய தரவைத் திறக்காமலேயே கணக்கிடுவது நடைமுறைக்கு ஒத்துவருமா?

நோயாளிகள் அல்லது வாடிக்கையாளர்களின் தரவை குறியாக்கி, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, வெளியார் சர்வருக்கு அனுப்பியாக வேண்டிய நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒத்துவரும், ஆனால் எந்தக் கணக்கு என்பதைப் பொறுத்தது.

1978 இல் ரிவெஸ்ட், ஏடில்மன், டெர்ட்டூசோஸ் ஆகிய மூவரும் எழுப்பிய இந்தக் கேள்விக்கு 2009 இல் கிரேக் ஜென்ட்ரியின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில்தான் முழுமையான விடை கிடைத்தது. ஹோமோமார்ஃபிக் குறியாக்கம் எனப்படும் இம்முறைகளில் குறியாக்கும்போதே வேண்டுமென்று சிறிது இரைச்சல், அதாவது தற்செயலான சிறு பிழை, கலக்கப்படுகிறது. கூட்டினால் மெல்லவும் பெருக்கினால் வேகமாகவும் வளரும் அந்த இரைச்சல், வரம்பைத் தாண்டினால் விடையையே அழித்துவிடும். அதைத் தணிக்க ஜென்ட்ரி காட்டிய பூட்ஸ்ட்ராப்பிங் இன்றும் செலவு மிகுந்ததே.

ஒரு மருத்துவமனைக்காக, ரத்தச் சர்க்கரை அளவுகளை மைக்ரோசாஃப்டின் சீல் என்ற மென்பொருள் நூலகத்தில், தசம எண்களைத் தோராயமாகக் கையாளும் சிகேகேஎஸ் முறையில் குறியாக்கிக் கணக்கிட்டோம். குறியாக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் பல்லுறுப்புக்கோவையின் படியை 8192 என வைத்தால் ஒரே மறையுரையில் (குறியாக்கிய தரவுத் துண்டில்) 4096 எண்கள் அடங்கும்; 32 கிலோபைட் தரவு சுமார் 400 கிலோபைட்டாக வீங்கினாலும், சராசரி காண ஒரு நொடிகூட ஆகவில்லை. பிறகு மருத்துவர், "200ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கூட்டலும் பெருக்கலும் மட்டுமே தெரிந்த முறையில் ஒப்பிடுவதற்கு, பல பெருக்கல்களை அடுக்கித் தோராயமாகத்தான் விடை காண வேண்டும். அத்தனை பெருக்கல்களில் வளரும் இரைச்சலைத் தணிக்க சீல் நூலகத்திலோ பூட்ஸ்ட்ராப்பிங் கிடையாது. ஆகவே, தாண்டியவர்களுக்கு 1, மற்றவர்களுக்கு 0 என்று மருத்துவமனையே குறித்து, அதைக் குறியாக்கி அனுப்பச் செய்தோம். சர்வர் கூட்டிக் கொடுத்தது. வேலையை வாடிக்கையாளரின் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். மூலத் தரவு ஏற்கெனவே அவர்களிடம்தான் இருக்கிறது, எதுவும் வெளியே கசியவில்லை என்பதால் அதைக் குறையாக நான் கருதவில்லை.

என் மனக்குறை வேறு. அதே சமயத்தில் ஒரு நிறுவனம், "குறியாக்கிய நிலையிலேயே கணக்கிடுகிறோம்" என்று சொல்லி எங்களிடம் மென்பொருள் விற்க வந்தது. குறியாக்கியதைத் திறக்கும் ரகசியச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டதற்கு, தங்கள் சர்வரில் பத்திரமாக இருக்கும் என்றார்கள். அதாவது அவர்கள் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் தரவை அங்கே திறந்துவிடலாம். இதை இந்தப் பெயரில் விற்பது, பல ஆண்டுகள் உழைத்து இந்தத் துறையை வளர்த்தவர்களுக்கும் தரவை நம்பி ஒப்படைக்கும் நோயாளிகளுக்கும் இழைக்கும் அநீதி. யாரிடம் வாங்கினாலும் சாவி உங்களை விட்டு வெளியே போகாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.